மூன்று மாவட்டங்களில் ஒரு வீடு: என் இ-பாஸ் அனுபவம்

கொரோனா ஊரடங்கின்போது தமிழ்நாட்டில் பயணத்துக்குக் கட்டாயமாக இருந்த இணையவழி அனுமதிச் சீட்டுதான் இ-பாஸ். 2020 செப்டம்பர் 1 முதல் மாவட்டம் விட்டு மாவட்டம் செல்ல அது வேண்டியதில்லை என்று முதல்வர் அறிவித்த பிறகு, ஏழு வாரங்கள் கழித்துத் தாம்பரம் வீட்டிற்குத் திரும்பினேன். போகும்போது அந்த ஒரு பாஸுக்காக நான் பட்ட பாட்டை எழுதிவைக்கத் தோன்றியது. வெளிமாநிலங்களிலிருந்து வருவோருக்கும், நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு செல்வோருக்கும் இ-பாஸ் அப்போதும் நடைமுறையில் இருந்தது.

ஜூலை 9, வியாழக்கிழமை காலை, தென்காசி மாவட்டத்தில் தனியாக இருக்கும் என் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். இரண்டு மூன்று நாளில் அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சென்னையிலும் சுற்றுப் பகுதிகளிலும் ஜூலை 6 முதல் தளர்வுகள் வந்திருந்தன. கடைகள் திறந்திருந்தன, தேநீர்க் கடைகளில் பார்சல் கொடுத்தார்கள். பேருந்தும் ரயிலும் மட்டும் ஓடவில்லை. கார் இருக்கிறது, மருத்துவக் காரணம் இருக்கிறது, பாஸ் கிடைப்பதில் என்ன சிரமம் என்று நினைத்து, பத்தே நிமிடத்தில் விண்ணப்பித்துவிட்டுத் துணிமணிகளை எடுத்து வைத்தேன்.

மறுநாள் காலை, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று குறுஞ்செய்தி வந்தது. காரணம் என்று அதில் ஒரு சொல்கூட இல்லை. என் கோபம் நிராகரித்ததற்காக அன்று, காரணத்தைச் சொல்லாததற்காகத்தான். எது தவறு என்று தெரிந்தால் திருத்தலாம். தெரியாதபோது மனிதன் எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறான். நான் என் ஆதார் அட்டையைச் சந்தேகப்பட்டேன், அம்மாவின் ஸ்கேன் படத்தைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் முகவரியில் வந்து நின்றேன்.

எங்கள் வீட்டிற்கு அஞ்சல் முகவரி சென்னை. ஆதாரில் இருப்பது காஞ்சிபுரம் மாவட்டம். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானதிலிருந்து உண்மையில் நாங்கள் இருப்பது அந்த மாவட்டத்தில். போய்ச் சேரும் ஊருக்கும் இதே கதைதான்: அம்மாவின் ஆதாரில் திருநெல்வேலி, அதே 2019 நவம்பரில் பிரிந்த பிறகு நடப்பில் தென்காசி. நான் பழக்க தோஷத்தில் புறப்படும் மாவட்டம் சென்னை என்று தேர்ந்தெடுத்திருந்தேன். மாவட்டத்தைப் பிரித்த அரசே அட்டைகளை அப்படியே விட்டுவைத்திருந்தது. அந்த இடைவெளியில் விழுந்தது என் விண்ணப்பம். ஆகவே, அட்டையில் எது இருந்தாலும் நடப்பில் உள்ள மாவட்டத்தையே நான் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். அட்டையில் வேறு பெயர் இருப்பதை, காரணம் எழுதும் கட்டத்தில் ஒரு வரியில் விளக்கியிருக்க வேண்டும். நான் இரண்டாம் முறை மாவட்டத்தைத் திருத்தினேன், விளக்க வரியை எழுதவில்லை. சனிக்கிழமை அதே குறுஞ்செய்தி, அதே சொற்கள்.

ஞாயிறு தளர்வுகளற்ற முழு ஊரடங்கு. உதவி எண்ணை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

திங்களன்று, நேரில் போய்க் கேட்டால் ஒரு வழி பிறக்கும் என்று அரசு அலுவலகம் ஒன்றுக்குப் போனேன். வாசலிலேயே முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டிருந்த ஊழியர் ஒருவர், "எல்லாம் ஆன்லைன்லதான் சார், இங்க யாரும் பாக்க மாட்டாங்க" என்று கையால் வெளியே காட்டினார். ஆன்லைனில் இரண்டு முறை மறுத்துவிட்டார்கள் என்றேன். "அப்ப மூணாவது தடவை போடுங்க" என்றார். அவர் மீது எனக்குப் பெரிய வருத்தம் இல்லை; அவருக்கும் காரணம் தெரியாது, சொல்லும் அதிகாரமும் இல்லை.

வருத்தம் வந்தது எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில். நகல் எடுத்துக்கொண்டிருக்கும்போதே கடைக்காரர் தலையைத் தூக்காமல், "இ-பாஸா சார்? கல்யாணமா, சாவா?" என்று கேட்டார். மருத்துவம் என்றேன். "மெடிக்கல்ல இழுத்தடிப்பாங்க. நெருங்கின உறவினர் இறப்புன்னு போட்டா சாயங்காலம் வந்துடும், ரெண்டாயிரம் ஆகும், சர்டிபிகேட் நாங்களே பாத்துக்குவோம்" என்றார். சுவரில் செல்லோடேப் ஒட்டி நாலைந்து பாஸ்களின் நகல்களை மாதிரிக்காக மாட்டியிருந்தார். இறந்தவர் பெயர் என்ற கட்டத்தில் யார் பெயரைப் போடுவது என்று கேட்டேன். "உங்க அம்மா பேரையே போடுங்க, ஆதார் ஒத்துப் போகும்ல." பர்ஸை வெளியே எடுத்திருந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. நகலுக்குரிய பன்னிரண்டு ரூபாயை மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன். உண்மை சொல்பவனுக்குக் கிடைக்காத பாஸ் பொய் சொல்பவனுக்கு மாலையே கிடைக்கும் என்று ஒரு தெருவே நம்பியிருந்தது. அந்த நம்பிக்கை எவ்வளவு சரி என்பது எனக்குத் தெரியாது, ஆனால் அதை மறுக்க என் கைப்பேசியில் இருந்த இரண்டு குறுஞ்செய்திகளும் உதவவில்லை.

அன்று மதியமே அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. ஒப்புதல் படிவத்தில் சித்தி மகன் கையெழுத்திட்டான். காணொளி அழைப்பில் அம்மா, "நீ அலைய வேண்டாம்யா, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றார்.

மூன்றாம் விண்ணப்பத்திற்கு மருத்துவமனையின் கடிதத்தைப் புதிதாக எழுதி வாங்கினேன். ஸ்கேன் படமும் மருந்துச் சீட்டும் போதும் என்று இம்முறை இருந்துவிடவில்லை. நோயாளியின் பெயர், விண்ணப்பிப்பவருக்கு அவர் என்ன உறவு, என்ன சிகிச்சை, எந்தத் தேதி, உடனிருக்க ஆள் தேவை என்ற ஒரு வரி, மருத்துவரின் பதிவு எண், முத்திரை ஆகிய அனைத்தும் ஒரே தாளில் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். அதோடு அம்மாவின் ஆதாரையும் சேர்த்து, வரம்புக்குள் அடங்கும் ஒரே கோப்பாக்கி ஏற்றினேன். மாவட்டப் பெயர்க் குழப்பத்தை விளக்கி இரண்டு வரி எழுதினேன். செவ்வாய் இரவு பதினொன்றரைக்குப் பாஸ் வந்தது. எது பலித்தது என்று இன்றுவரை தெரியவில்லை, ஏனென்றால் ஒப்புதலுக்கும் அவர்கள் காரணம் சொல்லவில்லை.

புதன் விடியற்காலையில் புறப்பட்டேன். பாஸைக் கைப்பேசியில் மட்டும் வைத்துக்கொள்ளாமல் மூன்று நகல்கள் எடுத்துச் சென்றது நல்லதாயிற்று. ஓர் எல்லையில் கியூ.ஆர். குறியீட்டைப் படிக்க இணைப்பு கிடைக்காததால், காவலர் ஒரு நகலைக் கையில் வாங்கி வண்டி எண்ணைச் சரிபார்த்து விட்டுவிட்டார். தென்காசி மாவட்டத்துக்குள் நுழைந்ததும் சாமியானாப் பந்தலில் மூக்கிலும் தொண்டையிலும் மாதிரி எடுத்தார்கள். அங்கிருந்த செவிலியர்தான் இந்தப் பயணம் முழுவதிலும் எனக்கு ஒரு விஷயத்தை விளக்கிச் சொன்ன முதல் ஆள்: முடிவு எப்போது வரும், நெகட்டிவ் என்றாலும் ஏன் பதினான்கு நாள் வீட்டில் இருக்க வேண்டும், காய்ச்சல் வந்தால் யாரை அழைக்க வேண்டும் என்று இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டார். அவர் சொன்னது எனக்குப் பெரும் இடைஞ்சல். ஆனாலும் மறு பேச்சில்லாமல் கேட்டுக்கொண்டேன். ஆக, அம்மாவைப் பார்க்கப் போன நான், வாசலில் தனிமைப்படுத்தல் ஸ்டிக்கர் ஒட்டிய அம்மாவின் வீட்டில் தனியாக இருந்தேன். அம்மா மருத்துவமனையிலிருந்து சித்தி வீட்டிற்குப் போனார். ஜூலை 29 அன்றுதான் நேரில் பார்த்தேன். பாஸ் கேட்கும்போதே இந்தப் பதினான்கு நாட்களையும் நான் கணக்கில் வைத்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 17 முதல், ஆதார் அல்லது குடும்ப அட்டை எண்ணையும் தொலைபேசி எண்ணையும் கொடுத்தால் தாமதமின்றிப் பாஸ் என்றார்கள். தாம்பரத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அன்றே போட்டு, தேநீர் ஆறுவதற்குள் பாஸ் வாங்கிவிட்டார். மறுநாள் சென்னையில் டாஸ்மாக் கடைகளும் திறந்தன. ஜூன் தொடக்கத்தில் மாநிலத்தில் நாளொன்றுக்கு ஆயிரத்தை ஒட்டித் தொற்று இருந்தபோது சில மாவட்டங்களைச் சேர்த்து வகுத்த மண்டலத்துக்குள் பாஸ் இன்றிப் போகலாம் என்றார்கள், மாதக் கடைசியில் மாவட்டம் தாண்டவே பாஸ் என்றார்கள், நாளொன்றுக்கு ஐயாயிரத்துக்கும் மேல் இருந்த ஆகஸ்டில் கேட்டவர்களுக்கெல்லாம் பாஸ் என்றார்கள். இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் மருத்துவ வல்லுநர்கள் சொன்ன நியாயம் இருந்திருக்கலாம். அந்த நியாயத்தை அந்தச் செவிலியர் அளவுக்காவது எங்களிடம் யாரேனும் சொல்லியிருந்தால், ஜெராக்ஸ் கடைக்காரரிடம் அத்தனை பேர் போயிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அம்மா வாக்கர் பிடித்து நடக்கத் தொடங்கியபின் செப்டம்பர் தொடக்கத்தில் கிளம்பினேன். மாதிரி எடுத்த அந்தத் தென்காசி எல்லையில் பழக்கத்தில் வண்டியை மெதுவாக்கிக் கண்ணாடியை இறக்கினேன். பந்தலின் கம்புகள் மட்டும் நின்றன. தடுப்பைச் சாலையோரம் தள்ளி வைத்திருந்தார்கள். பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.