கான்பராவின் ஆலங்கட்டி மழையும் என் கார் இழப்பீடும்

2020 ஜனவரி 20, திங்கட்கிழமை. அந்தக் கோடை முழுவதும் காட்டுத்தீப் புகையில் திணறிய கான்பராவில், மழை வந்தால் போதும் என்றுதான் எல்லோரும் காத்திருந்தோம். நண்பகல் தாண்டியதும் கோல்ஃப் பந்து அளவுக்கு ஆலங்கட்டிகள் விழுந்தன. பிளாக் மவுண்டனில் இருந்த பயிர் ஆராய்ச்சிக் கண்ணாடிக் குடில்கள் நொறுங்கி, அங்கே வளர்த்த ஆய்வுச் செடிகளும் பாழாயின.

என் கார் நகரின் பார்ட்டன் பகுதியில் திறந்தவெளியில் நின்றது. பின்கண்ணாடி உடைந்து உள்ளே கொட்டியிருந்தது. குழந்தை இருக்கையின் வார் இடுக்குகளில் கண்ணாடித் துகள்களும் கிழிந்த யூகலிப்டஸ் இலைகளும் அப்பிக்கிடந்தன. எதையும் கூட்டித் தள்ளும் முன் படம் எடுத்தேன். உச்சி வெயிலில் காரின் தகட்டில் விழுந்த நெளிவுகள் படத்தில் தெரியாது. மாலையில், வெளிச்சம் சாய்வாக விழும்போது பக்கவாட்டில் நின்று எடுக்க வேண்டும். இழப்பீட்டு விண்ணப்பத்தில் குழந்தை இருக்கையையும் தனியாகக் குறிப்பிட்டேன்.

ஊரில் பாதிப் பேர் அதே வரிசையில் நின்றதால் காப்பீட்டு நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் வருவதற்கே நெடுநாள் ஆனது. வண்டி நன்றாக ஓடுகிறதே என்ற என் வாதம் எடுபடவில்லை. பெயின்ட் வெடிக்காத நெளிவை உள்ளிருந்து தள்ளி எடுத்துவிடலாம். கூரை முழுக்க நெளிந்து, விளிம்புகளிலும் அடி விழுந்திருந்தால் செலவு காரின் விலையைத் தாண்டிவிடும். என் காரும் அப்படித்தான், பழுதுபார்க்கப் பயனில்லை, முழு இழப்பு என்று எழுதிவிட்டார்.

உண்மையான போராட்டம் அதன் பிறகுதான். என்னுடையது சந்தை மதிப்புக் காப்பீடு, அதாவது சேதத்துக்கு முன் கார் சந்தையில் என்ன விலை போகுமோ அதைத் தருவது. முதலில் சொன்ன தொகையைக் கேட்டு எனக்குக் கோபமே வந்தது. அதே மாடல், அதே ஆண்டு, ஏறக்குறைய அதே கிலோமீட்டர் ஓடிய கார்களின் விற்பனை விளம்பரங்களைத் திரட்டி, சர்வீஸ் ரசீதுகளோடு அனுப்பினேன். தொகையை உயர்த்தினார்கள். மறுத்திருந்தால் ஆஸ்திரேலிய நிதிப் புகார் ஆணையத்துக்குப் போகத் தயாராக இருந்தேன். அங்கே புகார் செய்யக் கட்டணம் கிடையாது. காரை நாமே வைத்துக்கொள்ளவும் கேட்கலாம். ஆனால் சேதமான நிலையில் அது போகும் விலையை, அதாவது கழிவு விலையை, இழப்பீட்டில் பிடித்துக்கொள்வார்கள். மீண்டும் பதிவு செய்வதும் சுலபமில்லை. நான் விட்டுக்கொடுத்தேன். மாதத் தவணையில் பிரீமியம் கட்டுபவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: ஆண்டின் மீதித் தவணைகளையும் இழப்பீட்டிலேயே கழித்துவிடுவார்கள்.

பணம் வந்தும் எனக்கு மனம் ஆறவில்லை. பல்கலைக்கழக வளாகத்தில் பழைய கார்களை நிறுத்தியிருந்த மாணவர்கள் பலரிடம் கட்டாய மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டுமே இருந்தது. அது விபத்தில் காயமடைந்தவர்களுக்கானது. ஆலங்கட்டி உடைத்த கண்ணாடிக்கு அதில் ஒரு டாலர்கூடக் கிடைக்காது.