விவசாயியிடம் கடைசியாக வரும் டவர் லைன்

மேற்கு மாவட்டம் ஒன்றின் கலெக்டர் அலுவலகத்தில் துணை வட்டாட்சியராக இருந்தபோது, மற்ற எந்தக் கோப்பையும்விட டவர் லைன் கோப்புகளோடுதான் அதிகம் மல்லுக்கட்டினேன். உயரழுத்த மின்பாதை ஊர் ஊராகக் கடந்து வரும். எங்காவது ஒரு தோட்டத்தில் விவசாயி குறுக்கே நின்றுவிடுவார், வேலை நின்றுபோகும். உடனே மின் நிறுவனம் கலெக்டருக்கு மனு கொடுக்கும்: 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம் பிரிவு 16(1)இன்படி தடையை நீக்கித் தர வேண்டும் என்று. அந்த மனுவுக்கு எண் போட்டு, விவசாயிக்கு நோட்டீஸ் சார்பு செய்து, தாசில்தாரிடமும் வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.விடமும் அறிக்கை வாங்கி, விசாரணை முடிந்ததும் உத்தரவின் வரைவைக் கலெக்டர் முன் வைப்பது என் வேலை.

தந்திச் சட்டம் மின்சாரத்துக்கு எப்படி வந்தது என்று கேட்காத விவசாயி இல்லை. மின்சாரச் சட்டம், 2003இன் பிரிவு 68, தலைக்கு மேல் போகும் மின்பாதைக்கு அரசின் முன் அனுமதி வேண்டும் என்கிறது. பிரிவு 164, தந்தி அதிகாரிக்கு அந்தக் காலத்தில் இருந்த அதிகாரங்களை மின்பாதை போடும் நிறுவனத்துக்கு அரசு கொடுக்கலாம் என்கிறது. அந்த அதிகாரம் கையில் வந்துவிட்டால் நில உரிமையாளரின் சம்மதம் தேவையில்லை. நிலத்தை எடுத்துக்கொள்வதும் இல்லை. பட்டா அவர் பேரிலேயே இருக்கும், பயன்படுத்தும் உரிமை மட்டும் நிறுவனத்துக்குப் போகும். முடிந்தவரை குறைந்த சேதம் செய்ய வேண்டும், செய்த சேதத்துக்கு முழு இழப்பீடு தர வேண்டும் என்று தந்திச் சட்டத்தின் பிரிவு 10 சொல்கிறது. சம்மதம் தேவையில்லை என்பதை உச்ச நீதிமன்றமும் 2016 டிசம்பரில் உறுதிசெய்துவிட்டது. எங்கள் வரைவுகளில் அந்தத் தீர்ப்பு தவறாமல் இடம்பெறும்.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது விசாரணை எதற்கு? பணியில் இருந்த காலம் முழுக்க இந்தக் கேள்வி என்னை விடவில்லை. விசாரணை அறைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் லைனே வேண்டாம் என்று சொல்ல வருவதில்லை. டவரைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள் என்று கேட்கத்தான் வருகிறார்கள். கிணற்றுக்கு அந்தப் பக்கம், வரப்பு ஓரம், பொதுப்பாதையை ஒட்டி. கேட்பது நியாயமாக இருக்கும். ஆனால் அவர்கள் வந்து நிற்கும் நாளில் அந்தத் தோட்டத்துக்கு முன்னும் பின்னும் டவர்கள் ஏற்கெனவே எழும்பியிருக்கும்.

நேர்க்கோட்டில் நிற்கும் டவர் கம்பியின் பாரத்தைத் தாங்கினால் போதும். லைன் திரும்பும் இடத்தில் நிற்கிற டவர் கம்பியின் இழுவையையும் தாங்க வேண்டும். எடை அதிகம், அஸ்திவாரமும் பெரிது. நடுவில் ஒரு டவரைப் பக்கவாட்டில் நகர்த்தினால் அதுவும் திருப்ப டவர் ஆகிறது, இரண்டு பக்கமும் இருப்பவற்றின் கோணமும் மாறுகிறது, அடுத்த தோட்டக்காரருக்குப் புதிதாகப் பிரச்சினை வருகிறது. இதையெல்லாம் ஒரு எஞ்சினியர் என் மேசையில் பென்சிலால் வரைந்து பொறுமையாக விளக்கினார். 'தொழில்நுட்ப ரீதியாகச் சாத்தியமில்லை' என்று நிறுவனம் எழுதிக் கொடுப்பது பல நேரங்களில் உண்மைதான் என்று அன்றைக்குப் புரிந்தது. கூடவே, இந்த விவசாயி ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் அது சாத்தியமாகியிருக்கும் என்பதும் புரிந்தது.

ஒரு வருடம் முன்னால் அவரை யார் கூப்பிட்டார்கள்? பிரிவு 164 அதிகாரம் கேட்கும்போது பத்திரிகையில் விளம்பரம் வரும். நான் பார்த்த விளம்பரங்களில் கிராமங்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும், சர்வே எண் இருக்காது. ஊர்ப் பெயரைப் பார்த்து, தன் தென்னந்தோப்புக்குள் கம்பி வரப்போகிறது என்று யாரால் கண்டுபிடிக்க முடியும்?

மற்றவர்களிடம் கேட்கும் முறையைப் பார்த்தால் மனசு ஆறாது. காப்புக்காட்டைக் கடக்க வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முன் அனுமதி வேண்டும். வேறு எந்தெந்த வழிகளை ஆராய்ந்தீர்கள், ஏன் காட்டு வழியே போயே தீர வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே காரணம் கேட்பார்கள். ரயில் பாதையைத் தாண்ட ரயில்வேயின் அனுமதி. நெடுஞ்சாலைக்குத் தனி அனுமதி. தொலைபேசிக் கம்பிகளுக்குத் தொந்தரவு வராது என்பதற்கு ஒரு குழுவின் ஒப்புதல். விமான நிலையம் பக்கத்தில் இருந்தால் அதற்கும் ஒன்று. சுற்றுச்சூழல் அனுமதி மட்டும் தேவையில்லை, ஏனென்றால் அந்த அனுமதி எவற்றுக்கு வேண்டும் என்று சொல்லும் 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின் பட்டியலில் மின்பாதை இல்லை. பெரிய சிமெண்ட் ஆலை வந்தால் ஊரைக் கூட்டிக் கருத்துக் கேட்கிறார்களே, அது இங்கே கிடையாது.

ஒரு பெரியவர் விசாரணையில் இந்த அனுமதிகளின் நகல்களை வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க சார், ரயில்வேக்காரங்ககிட்டக் கேட்டிருக்காங்க, ஃபாரஸ்ட்காரங்ககிட்டக் கேட்டிருக்காங்க. எங்ககிட்ட மட்டும் எதுக்குங்க கேக்கல?" நிறுவனத்தின் சார்பில் வந்திருந்தவர் பிரிவு 164ஐச் சொன்னார். பெரியவர் கேட்டது பிரிவைப் பற்றி இல்லை என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

400 கே.வி. (கிலோவோல்ட்) லைனுக்கு வழித்தட அகலம், அதாவது கம்பிக்குக் கீழே கட்டுப்பாடு வரும் பட்டையின் அகலம், 46 மீட்டர். 200 மீட்டர் நீளமுள்ள ஒரு தோட்டத்தின் ஊடே அது போனால் இரண்டேகால் ஏக்கர் அதற்குள் விழுகிறது. ஏக்கருக்கு 70 தென்னை என்று வைத்தால் 150 மரத்துக்கு மேல். மஞ்சளோ கடலையோ கீழே போட்டுக்கொள்ளலாம். தென்னை வளர்க்க முடியாது, வீடு கட்ட முடியாது, போர்வெல் வண்டி தன் துளையிடும் கம்பத்தைத் தூக்க முடியாது. நிலத்தை விற்கப் போனால் வாங்க வருகிறவர் முதலில் அண்ணாந்துதான் பார்க்கிறார். ஓடுகிற லைனுக்குக் கீழே டியூப்லைட்டைக் கையில் பிடித்து எரியவைத்துக் காட்டி விவசாயிகள் போராடியது பலருக்கு நினைவிருக்கும். மின்புலத்தால் அது லேசாக எரியும், கம்பிக்கும் தரைக்கும் இடையே வைக்க வேண்டிய உயரம் விதிகளில் இருக்கிறது என்று எஞ்சினியர்கள் விளக்குவார்கள். சரி. ஆனால் தினமும் அதற்குக் கீழே களையெடுக்கிற அம்மாவிடம் அந்த விளக்கத்தை யாராவது முன்கூட்டியே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போராட்டம் வந்த பிறகு சொன்னால் அது சமாளிப்பாகத்தான் அவர் காதில் விழும்.

2018 டிசம்பரில் கொங்குப் பகுதி முழுக்க உண்ணாவிரதம் நடந்தது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டம் புகளூர் வரை 800 கே.வி. நேர்மின் (டி.சி.) பாதை வந்துகொண்டிருந்த நேரம். 6,000 மெகாவாட் கொண்டுவரும் லைன், வழித்தட அகலம் 69 மீட்டர். சாலையோரம் தரைக்கடியில் கேபிளாகக் கொண்டுபோங்கள் என்பதுதான் விவசாயிகளின் முக்கியக் கோரிக்கை. புகளூரிலிருந்து திருச்சூர் போகும் 320 கே.வி. நேர்மின் பாதையில், கேரளத்தில் வடக்கஞ்சேரிக்கு அப்பால் நெடுஞ்சாலையை ஒட்டித் தரைக்கடியில்தான் கேபிள் போகிறது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது என்ற கேள்வி விசாரணை தவறாமல் வந்தது. வழக்கமான லைன்களில் ஓடும் மாறுமின்சாரத்தை (ஏ.சி.) 400 கே.வி.யில் நீண்ட தூரம் கேபிளில் அனுப்பினால், கேபிளை மின்னூட்டவே கொள்ளளவில் பெரும்பகுதி போய்விடும். செலவும் பல மடங்கு. நேர்மின்சாரத்தில் அந்தச் சிக்கல் இல்லை, செலவு மட்டும்தான். ஆகவே எல்லா லைனுக்கும் ஒரே பதில் கிடையாது. எந்த லைனுக்கு எது பொருந்தும் என்று திட்டம் தீட்டும்போதே பொதுவில் பேசியிருந்தால், கலெக்டர் அலுவலக வாசலில் அதைப் பேச வேண்டி வந்திருக்காது.

லைன் வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. முப்பந்தலிலும் கயத்தாறிலும் காற்று வீசும் மாதங்களில் வரும் மின்சாரமும், கமுதியில் வெயிலில் எடுப்பதும், ஊர்களுக்கும் ஆலைகளுக்கும் வந்து சேர வழி வேண்டும். அதனால்தான் இந்த அனுமதி முறை ஒழுங்காக இருக்க வேண்டும் என்று ஆதங்கப்படுகிறேன்.

பணம் விஷயத்தில் நிலைமை முன்னேறியிருக்கிறது. முன்பெல்லாம் பயிருக்கும் மரத்துக்கும்தான் இழப்பீடு. மத்திய மின்துறை 2015 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் டவர் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பி போகும் வழித்தடத்துக்கு அதிகபட்சம் 15 சதவீதம் என்றார்கள். 2024 ஜூனில் அதையே 200 சதவீதம், 30 சதவீதம் என்று உயர்த்தினார்கள். மாநிலங்கள் ஏற்றுக்கொண்டு நடைமுறைப்படுத்த வேண்டும். எந்த மதிப்பில் 200 சதவீதம் என்பதில்தான் அடுத்த தகராறு. பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பும் சந்தை விலையும் பல ஊர்களில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருக்கின்றன.

வழித்தடத்தைத் தீர்மானிக்கும் முறை மட்டும் அப்படியே இருக்கிறது. சர்வே செய்யும்போதே நிறுவனம் இரண்டு மூன்று மாற்று வழிகளை வரைபடத்தில் வைத்துத்தான் ஒப்பிடுகிறது. அந்த வரைபடங்களைப் புல எண்களோடு ஊராட்சி அலுவலகத்தில் ஒரு மாதம் ஒட்டிவைத்து, கிராம சபையில் விளக்கி, ஆட்சேபங்களை எழுதி வாங்கி, எதை ஏற்றோம், எதை ஏன் ஏற்கவில்லை என்று பதில் எழுதிய பிறகே பிரிவு 164 அதிகாரம் கொடுக்க வேண்டும். மாவட்ட நடுவர், அதாவது கலெக்டர், தன் விருப்புரிமைப்படி உத்தரவிடலாம் என்றுதான் பிரிவு 16 சொல்கிறது. ஆனால் எல்லா டவரும் எழும்பி ஒன்று மட்டும் பாக்கி இருக்கும் நிலையில் அந்த விருப்புரிமையை வைத்து எந்தக் கலெக்டராலும் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. வேலை நேரம், பயிர் அறுவடை வரை அவகாசம், வண்டி போகும் தடம் என்று சின்னச் சின்ன நிபந்தனைகளைத்தான் நாங்கள் வரைவில் சேர்க்க முடிந்தது.

ஓய்வு பெற்ற பிறகும் சிலர் போன் செய்து கேட்கிறார்கள், நோட்டீஸ் வந்திருக்கிறது, என்ன செய்வது என்று. முதலில் பட்டா யார் பேரில் இருக்கிறது என்று பார்க்கச் சொல்வேன். இறந்துபோன தாத்தாவின் பேருக்கு நோட்டீஸ் போய், வாரிசுகளுக்கு விஷயமே தெரியாமல், இழப்பீட்டுக் காசோலையும் கைக்கு வராமல் கிடந்த கோப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் பயிர் சரியாக ஏறியிருக்கிறதா என்று கேட்பேன். மரம் வெட்டுவதற்கு முன்னால் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், வி.ஏ.ஓ., தோட்டக்கலை அலுவலர் முன்னிலையில் மரக்கணக்கைப் பதியும் மகஜர் எழுதும்போது கூடவே நில்லுங்கள் என்பேன். தொகை போதவில்லை என்றால் பிரிவு 16(3)இன்படி மாவட்ட நீதிபதியிடம் போகலாம். அங்கே கையில் இருக்க வேண்டியது அந்த மகஜரின் நகல்தான். அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் மரக்கணக்கைப் படித்துப் பாருங்கள், நகல் கொடுக்கும்வரை இடத்தைவிட்டு நகராதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிவிடுகிறேன்.