பெரியவளோட நாள் கணக்கு

மே 1, வியாழன்

எங்க கப்பி மீனு பெரியவ போன தடவ குட்டி போட்டு இன்னிக்கு பத்தொம்பதாவது நாள். வயிறு இன்னும் உருண்டையாத்தான் இருக்கு, பெட்டி மாதிரி ஆகல. பின்னாடி இருக்கற கருப்புப் புள்ளி நேத்த விட கொஞ்சம் பெருசு, இல்ல எனக்குத்தான் அப்படித் தோணுதோ தெரியல, டார்ச் அடிச்சுப் பாத்தேன், அவ திரும்பிக்கிட்டா.

மே 2, வெள்ளி

அப்பா நோட்ட எடுத்து டிவி மேல வச்சிருக்கேன். நாப்பது பக்க நோட்டு, அட்டையில பால் கணக்குன்னு எழுதியிருக்கும், உள்ள முழுக்க மீன் கணக்கு, தேதியும் அன்னிக்குப் பொறந்த குட்டி எத்தனைன்னும். அவரு கையெழுத்துல கடைசியா இருக்கறது "ஜன. 18, சனி. 24. ஆண் போயிட்டான்." அவ்ளோதான். அதுக்குக் கீழ என் கையெழுத்து. பிப். 15, 19. மார்ச் 15, 11. ஏப். 12, 6. எல்லாமே சனிக்கிழம. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல சரியா 28 நாள், ஒரு நாள் கூட முன்ன பின்ன இல்ல.

அப்போ அடுத்தது 10-ந்தேதி சனி. நாங்க இந்த வீட்டக் காலி பண்ணிட்டு கிளம்பறது 18 ஞாயிறு. எட்டு நாள் கிடைக்குது. குட்டிங்க கொஞ்சம் தேறிடும், அவளும் ஒரு மூச்சு விட்டுப்பா.

24, 19, 11, 6. மாவு அரைக்கும்போது கூட இதுதான் ஓடிட்டு இருந்துச்சு.

மே 4, ஞாயிறு

கத்திரி ஆரம்பம். தொட்டித் தண்ணி மதியம் 32 டிகிரி. ஐஸ் வச்ச வாட்டர் பாட்டில மிதக்க விட்டேன், ஒரேடியா சூடு குறைஞ்சாலும் ஆகாதுன்னு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ எடுத்து எடுத்து வச்சேன். மூணு மணிக்கு கரண்ட் போச்சு. ஏர் மோட்டர் நின்னதும் வர்ற அமைதி இருக்கே, அத என்னால தாங்க முடியல. சூடான தண்ணியில காத்து கம்மியாத்தான் கரையும், வயித்துல இருக்கறதுங்களுக்கும் சேத்து அவ ஒருத்திதான் மூச்சு விடணும். சொம்பால தண்ணி மொண்டு மொண்டு உயரத்துலேருந்து ஊத்திக்கிட்டே இருந்தேன், ஒன்றரை மணி நேரம். கை மரத்துப் போச்சு. அம்மா வந்து ஒண்ணும் சொல்லாம சொம்ப வாங்கி கொஞ்ச நேரம் ஊத்தினாங்க.

மே 5, திங்கள்

மாடி வீட்டுப் பொண்ணு கேட்டா, அக்கா இதுக்கு ஜோடியே இல்லையே, அப்புறம் எப்படி குட்டி போடுதுன்னு. நாலாவது படிக்குது. நல்ல கேள்விதான். அதுக்குப் புரியற மாதிரி கொஞ்சம் சொல்லி அனுப்பிட்டேன், ஆனா அந்தக் கேள்வி என்ன விடல, அதனால இங்க முழுசா எழுதறேன்.

கப்பி முட்டையா போடாது, உசுரோட குட்டியாத்தான் போடும். ஆணுக்கு அடிவயித்துத் துடுப்பு ஒடுங்கி குழாய் மாதிரி இருக்கும், அத வச்சுத்தான் சேரும். ஒரு தடவ சேந்துட்டா போதும், பொண்ணு அந்த விந்த உள்ளயே பத்திரமா வச்சுக்கும், ஒவ்வொரு ஈட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கும். மாசக்கணக்குல. வெஸ்ட் இண்டீஸ்ல இருக்கற ட்ரினிடாட்தான் இதுங்களோட சொந்த ஊர்ல ஒண்ணு, அங்க ஓடையில இருக்கற கப்பிங்கள வச்சு 2013-ல ஒரு ஆய்வு வந்துச்சு. ஆண் செத்து பத்து மாசம் வரைக்கும் கூட அதோட குட்டிங்க பொறந்துட்டு இருந்திருக்கு. ஆணுக்கு ஆயுசு கம்மி, பொண்ணுக்கு ஜாஸ்தி. அதனால அந்த ஓடையில நீந்தற அப்பனுங்கள்ல நிறைய பேரு ஏற்கனவே போய்ச் சேந்தவங்க.

இத ராத்திரி அம்மா கிட்ட சொன்னேன். சொன்னதுக்கப்புறம்தான் எனக்கே உறைச்சுது. அம்மா எழுந்து போயி அணைச்சு வச்ச அடுப்ப மறுபடி பாத்துட்டு வந்தாங்க.

செத்துப் போன அந்த ஆண், சிவப்பன், ஃபுல் ரெட்டுங்கற வகை. மூக்குலேருந்து வால் வரைக்கும் ஒரே சிவப்பு. அப்பா கொளத்தூர் கலர் மீன் கடையிலேருந்து ஜோடியா வாங்கிட்டு வந்தது, பையில தண்ணிய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு பஸ்ல நின்னுட்டே வந்தாரு. அவளுக்கு பெரியவ-ன்னு பேரு வச்சது அவருதான். கப்பிங்கறது ஒரு மனுஷனோட பேரு, ட்ரினிடாட்ல இருந்தவரு, 1866-ல அவரு அனுப்பின மீனப் பாத்து லண்டன்ல அவரு பேரையே வச்சுட்டாங்கன்னு வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் சொல்லுவாரு.

மே 6, செவ்வாய்

தம்பி ஃபோன்ல சொல்றான், ஒரு ஆண் வாங்கி விடேன், பத்து நாள்ல எல்லாம் சரியாயிடும், முன்ன மாதிரி முப்பது நாப்பது போடும்னு. போடும். எனக்குத் தெரியாதா. புது ஆண் வந்தா அதோடதுதான் முன்னாடி நிக்கும், பழசு பின்னாடி போயிடும். அப்புறம் பொறக்கறது யாரோடதுன்னு யாரு சொல்றது. வேலை இருக்குன்னு ஃபோன வச்சுட்டேன்.

மே 7, புதன்

கொளத்தூர் போயிட்டு வந்தேன். அந்த ரோட்ல நுழைஞ்சாலே ஒரு ஈர வாசனை, பாசியும் பாலிதீனும் கலந்து. கடை வாசல்ல பை பையா தொங்குது, டியூப்லைட் வெளிச்சத்துல ஒவ்வொண்ணும் ஒரு பல்பு மாதிரி எரியுது. ஃபுல் ரெட் இருந்த பக்கம் நான் திரும்பல.

அப்பா வழக்கமா வாங்கற அண்ணன் அடையாளம் கண்டுக்கிட்டாரு. சார் வரலையான்னு கேட்டாரு. சொன்னேன். கொஞ்ச நேரம் வலைய கையில வச்சுக்கிட்டே நின்னாரு.

அப்புறம் அவரு சொன்னத மறக்காம இருக்க எழுதிக்கறேன். பிரசவத்துக்கு முந்தின ஒரு வாரத்துல ஆட்டவே கூடாது, அதிர்ச்சியில முழுசா வளராம கொட்டிடும். வேற வழியே இல்லன்னா பையில மூணுல ஒரு பங்கு தண்ணி, மிச்சம் ஆக்சிஜன். முந்தின நாள் தீனி போடாத, பையில அசிங்கம் பண்ணா அந்தத் தண்ணியே விஷம். தூரம் கம்மின்னா பைய விட மூடி போட்ட பக்கெட் நல்லது, பழைய தண்ணியிலயே எடுத்துட்டுப் போ. ஸ்பான்ஜ் ஃபில்டர கழுவிடாத, ஈரமாவே கொண்டு போ, அதுல இருக்கற பாக்டீரியாதான் புது எடத்துல தண்ணிய காப்பாத்தும். பிரசவ டப்பால எல்லாம் போட்டு அடைக்காத, ஜாவா மாஸ்ங்கற தண்ணிப் பாசி நிறைய போட்டு விடு, குட்டிங்க அதுக்குள்ள பூந்துக்கும், தாயே தின்னுடும் இல்லன்னா.

நாங்க போகப் போற கொரட்டூர் வீட்டுத் தண்ணி ஒரு பாட்டில்ல கொண்டு போயிருந்தேன். போர் தண்ணி. உப்பு அளக்கற மீட்டர்ல 1150 காட்டுச்சு. எனக்கு பக்குனு ஆயிடுச்சு, அவரு இல்லக்கா, கப்பிக்கும் மோலிக்கும் உப்புத்தண்ணி ஒத்துக்கும், குளோரின் இல்லாததே பெரிய விஷயம், ஒரேடியா மாத்தாம சொட்டு சொட்டா விடுங்கன்னாரு.

ஜாவா மாஸுக்கு காசு வாங்க மாட்டேன்னுட்டாரு.

மே 9, வெள்ளி

வயிறு பெட்டி ஆயிடுச்சு. கீழ்ப்பக்கம் ஒரு மூலை தெரியுது. தோலுக்கு உள்ள ரெண்டு புள்ளி. கண்ணா இருக்கும். கண்ணுதான்.

மே 10, சனி

இல்ல.

மே 11, ஞாயிறு

இல்ல. சூட்டுல நாள் குறையத்தான் செய்யும், ஏன் தள்ளிப் போகுது. நாங்க பண்ற சத்தமா? நேத்து பூரா பீரோவ இழுத்தோம். அவளுக்கு பயமா இருந்தா அடக்கி வச்சுப்பாளாம்.

மே 12, திங்கள்

பௌர்ணமி. அம்மா கோயிலுக்குப் போனாங்க, நான் தொட்டி முன்னாடியே உக்காந்திருந்தேன். நாலு பக்கமும் துணி கட்டி விட்டேன், மேல மட்டும் திறந்து வச்சேன்.

மே 13, செவ்வாய்

மொட்டமாடி டிரம் விஷயமா அம்மாவோட சண்டை. ஜனவரிலேருந்து பொறந்ததுங்க எல்லாம் அதுலதான் இருக்கு, பெரியவ கூட விட்டா அவளோட பசங்களே ரெண்டு மாசத்துல அவளத் துரத்த ஆரம்பிச்சிடும்னு நான்தான் ஈடு ஈடா பிரிச்சு வச்சேன். இன்னிக்கு எண்ணினேன், 41. புது வீட்ல மொட்டமாடி நமக்கில்ல, ஹால்ல ஒரே ஒரு தொட்டிக்குத்தான் எடம். ஏரியில கொண்டு போய் விட்டுடேன்னு அம்மா சொன்னாங்க. அதெல்லாம் விடக் கூடாது, அங்க இருக்கற நம்ம ஊர் மீனுக்கு எடம் இல்லாமப் போயிடும். அப்போ நீயே வச்சுக்க, எல்லாத்தையும் நீயே வச்சுக்கன்னு கத்திட்டு அப்பா சட்டைங்கள மடிக்கப் போயிட்டாங்க.

மாடி வீட்டுப் பொண்ணுக்கு 12. பூக்கடை அக்கா வீட்ல மூடாத கிணறு இருக்கு, கொசு தாங்கலன்னாங்க, அவங்களுக்கு 20, கொசுப்புழுவ ஒண்ணு விடாம தின்னுடும், அந்தக் கிணத்துலேருந்து வேற எங்கயும் போக வழியும் இல்ல. மிச்சம் ஒம்போது. அதுல அஞ்சு ஆண், மூணுக்கு வால் மட்டும் சிவப்பு. ரெண்டு மட்டும் முழுசா, மூக்கு வரைக்கும். அந்த ரெண்டையும் பாத்துட்டு ரொம்ப நேரம் மாடியிலயே நின்னேன், கால் சுட்டது கூட தெரியல.

மே 14, புதன்

காலையில அடியில ஒண்ணு. அரை சென்டிமீட்டர் கூட இல்ல. வயித்துல ஆரஞ்சு கலர்ல கரு உருண்டை ஒட்டிக்கிட்டே இருந்துச்சு. உசுரு இல்ல. கண்ணு மட்டும் பெருசா.

வேற எதுவும் இல்ல, மாஸ பிரிச்சுப் பிரிச்சுப் பாத்துட்டேன்.

கட்டின துணிய கழட்டிட்டேன், திரும்ப கட்டிட்டேன்.

மே 15, வியாழன்

வைகாசி பொறந்துடுச்சு. பக்கத்து வீட்டம்மா பால் காய்ச்ச நேரம் குறிச்சுக் குடுத்தாங்க. வருஷம் திரும்பலையே, தடபுடல் எதுவும் வேண்டாம்னு அம்மா சொல்லிட்டாங்க.

நாள் 33.

மே 16, வெள்ளி

தீனி எடுக்கல. ஃபில்டருக்குப் பின்னாடி மூலையில ஒதுங்கி நிக்கறா, செவுள் வேகமா அடிக்குது, வால லேசா மடக்கி மடக்கி விடறா. இதெல்லாம் நல்ல அறிகுறிதான், ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் நிப்பா, விடியறதுக்குள்ள முடிஞ்சிடும். குட்டி வரும்போது சுருண்டு வரும், கல்லு மாதிரி அடிக்குப் போகும், அப்புறம் ஒரு உதறு உதறி மேல வந்து காத்துப் பைய ரொப்பிக்கும். ஒரு தடவ அப்பாவும் நானும் லைட்ட அணைச்சுட்டு செல்ஃபோன் வெளிச்சத்துல எண்ணினோம். அவரு வாயாலயும் நான் விரலாலயும். ரெண்டு பேருக்கும் ஒண்ணு வித்தியாசம் வந்துச்சு, அவரு கணக்கத்தான் நோட்டுல எழுதினோம்.

ஆர்டீமியாங்கற பொடி இறாலோட முட்டைய உப்புத்தண்ணியில போட்டு காத்து விட்டிருக்கேன், 24 மணி நேரத்துல பொரிஞ்சிடும். குட்டிங்க வாய்க்கு அதுதான் சரியான அளவு.

மணி ரெண்டேகால். இன்னும் இல்ல.

மே 17, சனி

35. ஆர்டீமியா பொரிஞ்சு தயாரா இருக்கு, திங்கத்தான் யாரும் இல்ல. வீடு பூரா அட்டப்பெட்டி. இந்தத் தொட்டியும் கேஸ் அடுப்பும் மட்டும்தான் அதது எடத்துல இருக்கு. வண்டிய ஒரு வாரம் தள்ளி வைக்கலாமான்னு அம்மா கிட்ட கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது. சாவி நாளைக்கு சாயங்காலம் குடுத்தாகணும்.

இன்னிக்கு சனிக்கிழம. இன்னும் ராத்திரி இருக்கு.

மே 18, ஞாயிறு

குட்டி யானையில சாமான் போச்சு. நான் பக்கெட்ட மடியில வச்சுக்கிட்டு ஆட்டோல வந்தேன், அந்த ஒம்போதும் வேற ஒரு டப்பால கால் கிட்ட. ஒவ்வொரு வேகத்தடைக்கும் அண்ணா மெதுவா அண்ணான்னு சொல்லிட்டே வந்தேன். அவரும் மெதுவாத்தான் ஓட்டினாரு, என்ன இருக்குன்னு கேக்கவே இல்ல.

மே 19, திங்கள்

ரெண்டு.

பக்கெட்டுல, மாஸுக்கு அடியில. ராத்திரி ட்யூப்ல முடிச்சுப் போட்டு சொட்டு சொட்டா போர் தண்ணி விட்டுட்டே தூங்கிட்டேன் போல, அஞ்சு மணிக்கு முழிச்சுப் பாத்தா ஒண்ணு மேல நீந்துது, இன்னொண்ணு அடியில ஒட்டிக்கிட்டு கிடந்துச்சு. செத்துடுச்சுன்னு நினைச்சேன். அம்மா கண்ணாடியப் போட்டுக்கிட்டு குனிஞ்சு பாத்துட்டு இருடி, அசையுதுன்னாங்க. கால் மணி நேரம் கழிச்சு அதுவும் மேல வந்துடுச்சு.

அவ வயிறு ஒட்டிப் போச்சு. வேற இல்ல. பெரியவள தொட்டிக்கு மாத்திட்டேன், குட்டிங்கள பக்கெட்லயே விட்டிருக்கேன். பழைய வீட்லேருந்து கொண்டு வந்த ஆர்டீமியா கொஞ்சம் உசுரோட இருக்கு, சொட்டு மருந்து ட்யூப்ல எடுத்து விட்டேன், வயிறு ஆரஞ்சா ரொம்பறது தெரியுது, ரெண்டுக்குமே.

மே 20, செவ்வாய்

நோட்டுல எழுதணும். மே 19, திங்கள், 2. முதல் தடவையா திங்கக்கிழம. ஆனா நோட்டு எந்த அட்டப்பெட்டியில போச்சுன்னு தெரியல, டிவி பெட்டியில இல்ல, புத்தகப் பெட்டி மூணுலயும் இல்ல. சமையல் சாமானோட இருக்கும்னு அம்மா சொல்றாங்க, அது இன்னும் பிரிக்கல, கீழ மாடிப்படிக்கு அடியில இருக்கு, போயி