வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும் 57 அடி இரும்பும்

மூன்று நாளாகியும் மச்சான் குடியிருக்கிற கால்வாய்ப் போட்டில் சாம்பிராணி வாசம் போகவில்லை. உள்ளே முழுக்கப் பலகை அடித்து வார்னிஷ் பூசின இடம். அதில் ஏறின மணம் இனிச் சித்திரை வருசத்துக்குத்தான் இறங்கும். பக்கத்துப் போட் தாடிக்காரர் மட்டும் "நல்ல மணம், எங்கே வாங்கினது?" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

மாமியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மகன் லண்டன் ஹரோவில் மூன்று அறை வீடு எடுக்காமல் கால்வாயில் இரும்புப் பெட்டி ஒன்றை வாங்கினதை இரண்டு வருசமாக ஒருவரிடமும் மூச்சு விடாமல், "தம்பி தண்ணிக் கரையிலை ஃபிளாட் எடுத்திருக்கிறான்" என்று சபை சந்தியில் சமாளித்து வந்த மனுசி. வாங்குகிற நேரம் அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "ஓட்டை இல்லைத்தானே?" மச்சான் சிரித்தான். பிறகு போட்டைத் தண்ணீரில் இருந்து தூக்கி வைத்து, சேர்வேயர் கறுப்புப் பூச்சை இடையிடையே சுரண்டி, அல்ட்ராசவுண்ட் கருவியால் தகட்டைத் தட்டித் தட்டி அளந்து கொடுத்த கட்டு அறிக்கை முழுக்க அதே கேள்விதான். அடித்தட்டு 10 மில்லிமீற்றர், பக்கம் 6, கூரை 4 என்று கட்டின போட். நீர்மட்டக் கோட்டில் ஓரிடம் 4.3க்கு வந்திருந்தது. 4க்குக் கீழே போனால் காப்புறுதிக்காரர் முகத்தைத் திருப்புவார். மேலே புதுத் தகடு ஒட்ட வேண்டி வரும். விற்றவர் "இப்பதான் பிளாக்கிங் அடிச்சது" என்று பெருமைப்பட்டாராம். புதுத் தார் மினுங்கினால் சந்தோசப்படக் கூடாது, அதுக்குக் கீழே குழி விழுந்திருக்கிறதா என்று சுரண்டிப் பார்க்க வேண்டும். போட் துருப்பிடிக்காமல் இருக்கத் தாங்கள் கரைகிற அனோட் கட்டிகள், கரைந்து எலும்பாகக் கிடந்தன. நன்னீருக்கு மக்னீசியம் அனோட்தான் சரி. கடலுக்கு வைக்கிற துத்தநாகத்தைக் கால்வாயில் தொங்கவிட்டால் அது பாட்டுக்குச் சும்மா தொங்கும்.

நிரந்தர மூரிங், அதாவது கட்டி நிற்கச் சொந்தமாக ஒரு இடம், எடுக்காத போட் ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்க ஏலாது. 1995ஆம் ஆண்டுச் சட்டம். மாமியின் அகராதியில் இதன் பெயர் "வீட்டுக்காரன் கலைக்கிறான்". அதைவிடப் பெரிய பிரச்சினை பிள்ளையார். கிழக்குப் பார்க்க வைத்த பிள்ளையார், கால்வாய் வளைகிற பக்கமெல்லாம் வளைந்து, இரண்டு கிழமைக்கு ஒருக்கால் வேறு திசை பார்ப்பார். போட்டைத் திருப்பி வைக்கலாமே என்றால், 57 அடியைக் கண்ட இடத்தில் திருப்ப முடியாது. கரை அகலமாக வெட்டின இடம் வரும்வரை போக வேண்டும், வேகமோ மணிக்கு 4 மைல். கடைசியில் கேக்குக்கு ஐசிங் பூசுகிற சுழல்தட்டு ஒன்றை வாங்கி அதில் பிள்ளையாரை ஏற்றிவிட்டார்கள். மூரிங் கயிறு கட்டினதும் மச்சான் போனில் திசைகாட்டி பார்த்துச் சுவாமியைத் திருப்புவான். கயிறு கட்ட மறந்தாலும் அது மறக்காது.

தை மாதம் போட் வந்து நின்ற இடம் அல்பேட்டன். ஈழபதீஸ்வரர் கோயிலில் இருந்து பொடிநடை. மாமி விடுவாரா? வெள்ளி பூசை முடிந்து, புட்டுச் சட்டியோடு போட்டில் ஏறினார்.

இந்த இடத்தில் அடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். டென்மார்க் வார்ப்பிரும்பு அடுப்பு, மோர்சோ ஸ்குவிரல். கால்வாயில் இரண்டு போட்டுக்கு ஒன்றில் அதுதான் இருக்கும் போல. அதை விடியும்வரை அணையாமல் வைத்திருக்க மச்சானுக்கு ஒரு மாரிகாலம் முழுக்கத் தேவைப்பட்டது. விறகுக்குக் காற்று மேலாலே வரவேணும், சாம்பல் படுக்கையில் கிடந்து எரிய விடலாம். புகையில்லாக் கரிக்கட்டிக்குக் காற்று கீழாலே, கம்பித்தட்டுக்குள்ளால் வரவேணும். படுக்கப் போகமுன் தட்டை அசைத்துச் சாம்பலை விழுத்தி, சாம்பல் தட்டை வெறுமையாக்கி, கரியை நிரப்பி, கீழ்க் காற்றுவழியைத் திறந்து ஒரு இருபது நிமிடம் பிடிக்க விட்டு, அதன்பிறகுதான் மயிரிழை அளவுக்கு மூட வேணும். அவசரப்பட்டு மூடினால் மூன்று மணிக்கு அணையும். சாம்பல் தட்டை நிரம்ப விட்டால் கீழ்க் காற்று இல்லாமல் கம்பித்தட்டே வெந்து வளையும். கதவு ஓரத்துக் கயிறு தேய்ந்துவிட்டால் நீங்கள் எதை மூடினாலும் அது தன்பாட்டுக்கு எரியும், விடிய வாளி நிறையச் சாம்பல், ஆனால் தணல் இல்லை. முதல் கிழமை மச்சான் எல்லாத் தணலையும் அசைத்து விழுத்திவிட்டு, வெறும் கம்பியைப் பார்த்துக்கொண்டு தொப்பியோடு நித்திரை கொண்டவன்.

மாமி இதெல்லாம் கேட்டுவிட்டு, "உமி அடுப்பு எரிச்ச எங்களுக்கோ சொல்லுறாய்?" என்றார். அடுப்புக் கதவைத் திறந்தார். குறடால் நாலு சிவந்த கரிக்கட்டி எடுத்துத் தூபக்காலில் போட்டார். சாம்பிராணியைத் தூவினார்.

சிரட்டைத் தணலில் போடுகிற சாம்பிராணியை இதில் போட்டால் வேறு கதை. புகையில்லாக் கரிக்கட்டி என்பது அந்தரசைட் நிலக்கரித் தூளும் பெற்றோலியக் கோக்கும் பசையும் சேர்த்து அமத்தினது, கந்தகமும் இருக்கிறது. புகை வராது என்றால் நஞ்சு வராது என்று அர்த்தமில்லை. சிவந்து கிடக்கிற எந்தத் தணலும் கார்பன் மொனொக்சைட் விடும். அடுப்புக்குள் இருந்தால் அது புகைபோக்கியாலே போய்விடும், தூபக்காலில் இருந்தால் எங்கே போகும்? அதுவும் 6 அடி 10 அங்குல அகலப் போட்டில். மேசை கட்டில் எல்லாம் சேர்த்தும் உள்ளே இருக்கிற காற்று கிட்டத்தட்ட 40 கன மீற்றர்தான்.

முன்னாலே இருந்து பின்னாலே மட்டும் தூபம் காட்டினார். புகை அலாரம் கத்தினது. துவாயால் விசுக்கி அடக்கினார். தூபக்காலைப் பிள்ளையாருக்குக் கீழே வைத்துவிட்டுச் சம்மணம் கட்டித் தேவாரம் தொடங்கினார். சம்பந்தர் பதிகம் இரண்டு.

கார்பன் மொனொக்சைட் அலாரம் உடனே கத்தாது. 50 பிபிஎம்மில் (காற்றின் பத்து இலட்சம் பங்கில் 50) ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பொறுக்கும், 100இல் பத்துக்கும் நாற்பதுக்கும் இடையில் ஏதோ ஒரு நிமிடம், 300 என்றால் மூன்று நிமிடத்துக்குள். மாமியின் கணக்கில் அது இரண்டாம் பதிகம், எட்டாம் பாட்டு. இராவணன் மலைக்குக் கீழே நசிபடுகிற நேரம் அலாரம் பிடித்தது. திரையில் 140 சொச்சம். மச்சான் முன்கதவைத் திறந்து, பின் ஹட்சைத் தள்ளி, "அம்மா வெளியிலை வாங்கோ" என்று குளறுகிறான். மாமி அசையவில்லை. பதிகத்தின் கடைசிப் பாட்டு, திருக்கடைக்காப்பு, சொல்லாமல் எழும்பக் கூடாதாம்.

இழுத்துத்தான் இறக்கினான். அடுப்புக் கையுறை போட்டுத் தூபக்காலையும் தூக்கிக்கொண்டு போய்க் கரையில் வைத்தான். வெளியே மைனஸ் இரண்டு. மச்சானின் மழைக்கோட்டைச் சேலைக்கு மேலே மாட்டிக்கொண்டு, கால்வாய்க் கரையில் நின்றபடி மாமி மிச்சப் பாட்டுக்களைப் பாடினார். அலாரம் கேட்டு ஓடிவந்த தாடிக்காரர் என்ன ஏது என்று தெரியாமல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஏழு திருமுறையிலும் தேடினாலும் இப்படி ஒரு தலம் இல்லை.

காற்று வந்து, திரை பூச்சியத்துக்கு இறங்கினபிறகுதான் மச்சானுக்கு யோசனை. நாலு தணலுக்கு இவ்வளவு கெதியாக ஏறக் கூடாதே? போட் என்றால் கூரையில் காளான் மாதிரிக் காற்றுக்குழல் இருக்கும், கதவின் அடியில் சல்லடை இருக்கும். மேலாலே கெட்ட காற்றுப் போக, கீழாலே நல்ல காற்று வர. சமையல் காஸ் காற்றைவிடப் பாரம் என்பதால் கசிந்தாலும் கீழ்ச் சல்லடையால் கொஞ்சமாவது வெளியேறலாம். அண்ணாந்து பார்த்தான். மூன்று காளானுக்குள்ளும் பழைய கைத்தறிச் சேலைத் துண்டு, வடிவாக மடித்து அடைத்திருந்தது. கதவுச் சல்லடையில் பூப்போட்ட துவாய், நாலு மூலையும் பின் குத்தி.

"குளிர் காத்து வருது எண்டு தீபாவளிக்கு வந்தநேரம் அடைச்சனான். நீ கவனிக்கேல்லையோ?"

இதைக் கேட்டு மச்சான் சாம்பிராணியை மறந்துவிட்டான். ஐப்பசியில் இருந்து அவனுடைய யன்னலெல்லாம் அழுதுகொண்டிருந்தன. விடியவிடியத் துடைப்பான், மத்தியானம் மறுபடியும் வழியும். மெத்தைக்குக் கீழே பூஞ்சணம். யன்னலுக்கு இரண்டாம் கண்ணாடி மாதிரி பிளாஸ்ரிக் தாள் ஒட்டினான், மெத்தைக்குக் கீழே சலாகைத் தட்டு அடித்தான், ஈரம் உறிஞ்சும் மெசின் வாங்கினான். கண்டவனையெல்லாம் கேட்டான், ஒருத்தன் குளிர் தடுக்கிற ஃபோம் குறைவு என்றான், ஒருத்தன் அடித்தளத்தில் தண்ணீர் என்றான், தரைப் பலகையைக் கழற்றி, பாரத்துக்கு அடுக்கின செங்கல்லை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தான். காய்ந்து கிடந்தது. கிழமைக்கு மூன்று நாள் புட்டு அவிக்கிற ஆவியும் மனுசர் விடுகிற மூச்சும் போக வழியில்லாமல் கண்ணாடியில் தண்ணீராகி இருக்கிறது. வழியை அடைத்துக்கொண்டு மேலே இருந்தது அம்மாவின் சேலை.

சண்டை நடந்ததா என்று கேட்காதீர்கள். நடந்தது.

சனிக்கிழமை மாமி மின்சாரச் சாம்பிராணித் தட்டு ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார். 100 வாட். மச்சான் பேப்பரும் பேனையும் எடுத்தான்: 12 வோல்ற் பற்றறியில் இருந்து இன்வேட்டர் வழியாக 9, 10 அம்பியர் இழுக்கும்; இருபது நிமிடம் என்றால் 3 அம்பியர் மணி. பற்றறி நாலு, ஒவ்வொன்றும் 110. ஈய அமிலப் பற்றறி என்பதால் பாதிதான் எடுக்கலாம். தை மாதம் சோலார் தகடு கூரையில் படுத்து நித்திரை. இரவு எட்டுக்குப் பிறகு எஞ்சின் போடவும் கூடாது. பின்னறை டீசல் ஹீட்டர் விடிய நாலரைக்குப் பற்றுகிறபோது அதைப் பற்றவைக்கிற குளோ பிளக் ஒரே இழுவையாக இழுக்கும்; அந்த நேரம் வோல்ற்றேஜ் விழுந்தால் அது எரர் காட்டிப் படுத்துவிடும்.

"அப்ப மூண்டுதானே," என்றார் மாமி. "மிச்சம் இருநூத்திப் பதினேழு என்ன செய்யப் போறாய்?"

கணக்குச் சரி. மச்சான் பேனையை மூடிவிட்டான்.

நேற்று 14 நாள் முடிந்து போட் புறப்பட்டுவிட்டது. மாமி வீட்டுக் குசினிக் கலண்டரில் வருகிற வெள்ளிக்கு நேரே, ராகுகாலத்துக்குப் பக்கத்தில், சிவப்புப் பேனையால் ஒரு இலக்கம் எழுதியிருக்கிறது. போன் நம்பரும் இல்லை, பஸ் நம்பரும் இல்லை. கால்வாய்ப் பாலங்களுக்கு நம்பர் உண்டு.