ஐபி திரைப்படப் பாடம்: ஏழு நிமிடப் படமும் ஒன்பது பக்கமும்

சிங்கப்பூரில் பல்கலைக்கழகத்துக்கு முன்பே திரைப்படம் படிக்க, பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ கலைக் கல்லூரியிலோ மூன்றாண்டு டிப்ளோமா செய்யலாம். இல்லையென்றால் ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) என்ற அனைத்துலகக் கல்வித் திட்டத்தின் டிப்ளோமாவில் உள்ள ஆறு பாடங்களில் ஒன்றாக எடுத்து இரண்டு ஆண்டு படிக்கலாம். தொடக்கக் கல்லூரியின் ஏ லெவலில் திரைப்படம் தனிப்பாடமாக இல்லை. இங்கே எழுதுவது ஐபி பற்றி, 2019 முதல் மதிப்பிடப்படும் பாடத்திட்டத்தின்படி.

“பையன் நன்றாக வீடியோ எடுப்பான், இதில் சேர்த்துவிடலாம்” என்று நினைக்கும் பெற்றோர் முதலில் மதிப்பெண் பங்கீட்டைப் பார்க்க வேண்டும். பாடத்துக்கு இரண்டு நிலைகள். ஸ்டாண்டர்ட் லெவலில் காட்சிப் பகுப்பாய்வுக்கு 30 விழுக்காடு, ஒப்பீட்டு ஆய்வுக்கு 30, படைப்புத் தொகுப்பேட்டுக்கு 40. ஹையர் லெவலில் இவை 20, 20, 25 எனக் குறைந்து, மீதி 35 கூட்டாக எடுக்கும் குறும்படத்துக்குப் போகும். எப்படிப் பார்த்தாலும் ஆய்வுக்கு மட்டும் 40 முதல் 60 விழுக்காடு. கேமரா ஆசையோடு மட்டும் வருபவர்கள் முதல் ஆண்டிலேயே திணறுவது இதனால்தான்.

காட்சிப் பகுப்பாய்வு என்பது ஒரு படத்திலிருந்து அதிகபட்சம் 5 நிமிடத் துண்டை எடுத்து 1,750 சொல்லுக்குள் எழுதுவது. எழுதுமுன் துண்டை ஷாட் ஷாட்டாகப் பிரித்து அட்டவணை போடுங்கள்: எத்தனை வினாடி, கேமரா எங்கே, ஒளி எந்தப் பக்கம், என்ன சத்தம். ஒலிக்கான கட்டத்தை நிரப்ப, திரையை அணைத்துவிட்டு ஒருமுறை காதால் மட்டும் கேட்க வேண்டும். அட்டவணை இல்லாமல் உட்கார்ந்தால் பாதிக் கட்டுரை கதைச் சுருக்கமாகப் போய்விடும்; அதற்கு மதிப்பெண் கிடையாது.

ஒப்பீட்டு ஆய்வு 10 நிமிட வீடியோ. வேறுபட்ட பண்பாட்டுச் சூழலைச் சேர்ந்த இரண்டு படங்கள் வேண்டும். தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது பெரிய பலம், கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள். ஆனால் “தமிழ்ப் படங்களில் பாடல்” என்பது 10 நிமிடத்துக்குள் அடங்காது. “பேச்சே இல்லாத இடத்தில் மழைச் சத்தம் என்ன செய்கிறது” என்ற அளவுக்குக் குறுக்கினால்தான் ஏதாவது சொல்ல முடியும். பின்குரல் எழுத்து 1,200 சொல்லைத் தாண்டினால் வேகமாக வாசிக்க வேண்டியிருக்கும், கேட்பவருக்கு எதுவும் நிற்காது.

தொகுப்பேட்டில்தான் அதிகம் பேர் கைக்கெட்டிய மதிப்பெண்ணை விடுகிறார்கள். இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு போன்றவற்றில் மூன்று பொறுப்புகள். ஒவ்வொன்றுக்கும் 3 பக்கம், 3 நிமிடக் காட்சி. “உணர்ச்சி வரவேண்டும் என்று குளோசப் வைத்தோம்” என்று எழுதினால் அது எந்தப் படத்துக்கும் பொருந்தும். “பாட்டி கடிதத்தைப் பிரிக்கும்போது முகத்தைக் காட்டாமல், 50 மில்லிமீட்டர் லென்ஸில் கைகளை மட்டும் எடுத்தோம். முதல் டேக்கில் சன்னல் வெளிச்சத்தில் காகிதம் வெளுத்துப் போனது. மெல்லிய வெள்ளைத் திரை கட்டிய பிறகுதான் எழுத்தும் விரல் நடுக்கமும் சேர்ந்து தெரிந்தன” என்று எழுதி, இரண்டு டேக்கின் படத்தையும் பக்கத்தில் வைத்தால் தேர்வாளருக்குச் சான்று கிடைக்கிறது. அந்தச் சான்று படப்பிடிப்பு நாளிலேயே சேர வேண்டும்: கிறுக்கிய ஷாட் பட்டியல், தரை வரைபடம், விளக்கு வைத்த இடத்தின் கைப்பேசிப் படம், எடிட்டிங் டைம்லைன் மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்கிரீன்ஷாட். ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதுவதில் இந்த விவரம் வராது.

ஹையர் லெவல் குறும்படம் 7 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். தனியாக 2,000 சொல் அறிக்கையும் உண்டு. திரைக்கதை 6 பக்கத்தைத் தாண்ட வேண்டாம். பெரும்பாலும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில்தான் படமெடுப்பார்கள். கீழ்த்தளமும் தாழ்வாரமும் நகர மன்றத்தின் பொறுப்பில் இருப்பவை, பூங்காவுக்கு தேசியப் பூங்காக் கழகம், எம்ஆர்டி நிலையத்துக்கு ரயில் நிறுவனம். அனுமதிக் கடிதங்களைத் திரைக்கதை முடிந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.

நம் ஊர் வீட்டில் பிரச்சினை படத்தைவிட ஒலியில்தான். குளிர்சாதனம், மின்விசிறி, குளிர்பதனப் பெட்டி எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். வீட்டுச் சாவியை அந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டால், திரும்பப் போடாமல் யாரும் வெளியே போக முடியாது. காற்றில்லாமல் நடிப்பவருக்கு அரை மணி நேரத்தில் சட்டை நனைந்துவிடும், ஷாட்டுக்கு ஷாட் வியர்வைக் கறை மாறும். ஒரே மாதிரி இரண்டு சட்டை வாங்கி வையுங்கள். சுவர் துளைக்கும் சத்தமுள்ள புதுப்பிப்பு வேலைக்கு வாரநாள் காலை 9 முதல் மாலை 5 வரைதான் அனுமதி என்பதால், வசனக் காட்சியை வார இறுதியில் வையுங்கள். மைக் வாயிலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்கட்டும். பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். உரத்த வசனமும் பதிவுக் கருவியின் ஒலி அளவுகோலில் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நிற்கட்டும். ஒவ்வோர் அறையிலும் யாரும் பேசாமல் 30 வினாடி வெறும் அமைதியைப் பதிவு செய்யுங்கள். அது இல்லாவிட்டால் வசனங்களை வெட்டி ஒட்டும்போது நடுவில் பள்ளம் விழுந்தது போலக் கேட்கும்.

கைப்பேசி வழக்கமாக வினாடிக்கு 30 பிரேம் எடுக்கும். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் டியூப் லைட் அடியில் திரையில் பட்டை ஓடலாம். 25 பிரேம், ஷட்டர் 50இல் ஒரு பங்கு என்று வைத்தால் போதும். வெளியே எடுப்பதானால் சூரியன் உச்சிக்கு வருவது 1 மணியளவில், அப்போது கண்குழி இரண்டும் இருண்டுவிடும். 7 மணியை ஒட்டி மறைந்த பிறகு நல்ல ஒளி இருபது நிமிடம்தான் நிற்கும். 6 மணிக்கே ஒத்திகையை முடித்துவிட்டு நான்கு ஷாட்டுக்குத் திட்டமிடுங்கள். குளிர் அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே எடுத்தால் லென்ஸில் நீர் படியும். துடைத்துப் பயனில்லை, மூடிய பைக்குள்ளேயே அரை மணி நேரம் வெப்பத்துக்குப் பழகட்டும்.

சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடவே கூடாது. இசை தெரிந்த நண்பரிடம் புதிதாகக் கேட்டு வாங்குங்கள், வயலினில் ஒரே இழுப்பு என்றாலும் சரி.

தமிழில் எடுத்தால் ஆங்கிலத் துணையுரை வேண்டும்: வரிக்கு 42 எழுத்துக்குள், இரண்டு வரிக்கு மேல் போகாமல். தமிழ்த் தலைப்பு போடும்போது சில எடிட்டிங் மென்பொருள்களில் கொம்பும் காலும் பிரிந்து “கொ” உடைந்து நிற்கும். அமைப்புகளில் தெற்காசிய எழுத்துக்கான தெரிவு இருக்கும். அதைப் போட்டு, மென்பொருளை மூடித் திறந்து, தலைப்பை மறுபடி தட்டச்சு செய்யுங்கள். ஏற்றுமதி செய்த கோப்பை வேறொரு கணினியில் முழுவதும் ஓட்டிப் பார்த்து, பெயர்ப்பட்டியலில் அம்மா அப்பா பெயரிலிருந்து ஒவ்வோர் எழுத்தையும் சரிபார்த்த பிறகே பள்ளியில் கொடுங்கள்.