காசிமேட்டு நண்டு, ஏ3 தாள்: ஆராய்ச்சியையும் படத்தையும் சேர்த்துச் செய்த முறை

இறுதியாண்டுக்கு ‘ஆராய்ச்சியோடு கூடிய விளக்கப்படம்’ எடுக்கும் மாணவர்களின் தாள்களில் ஒரு பொதுக் குறை உண்டு. படம் ஒரு பக்கம் அழகாக இருக்கும், கட்டுரை மறுபக்கம் நீளமாக இருக்கும், ஒன்றை எடுத்துவிட்டாலும் மற்றது அப்படியே நிற்கும். சென்னையின் மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டில் விற்கும் நண்டுகளை வரைய எடுத்துக்கொண்டபோது நாங்கள் வைத்த கட்டுப்பாடு ஒன்றுதான்: எந்தக் கோட்டை எங்கே போடுவது என்று சொல்ல உதவாத தகவல் தாளில் ஏறாது.

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. கல்லூரியில் படைப்பை ஒப்படைக்கும் காலமும் ஏறத்தாழ அதுவே. தடைக்காலத்தில் சின்னப் படகுகளின் வரத்து மட்டும்தான், தேடும் இனம் கிடைக்காமல் போகலாம். ஆகவே நண்டு வாங்குவது, அளப்பது, நிறம் குறிப்பது மூன்றையும் மார்ச்சுக்குள் முடித்துவிட வேண்டும். மை போடுவதை மேயில்கூட வைத்துக்கொள்ளலாம்.

நாலு இனம் போதும்: முக்கண்ணு நண்டு, நீலக்கால் நண்டு, சிலுவை நண்டு, சேற்று நண்டு. நாலும் ஒரே குடும்பம். கடைசி ஜோடிக் கால் துடுப்புபோல் தட்டையாக இருப்பது எல்லாவற்றுக்கும் பொது, அதைக் கூராக வரைந்துவிட்டால் குடும்பமே மாறிப்போகும். இனம் பிரிப்பது பெரும்பாலும் ஓட்டின் முன்னோரத்துப் பற்களில். முக்கண்ணிலும் நீலக்காலிலும் ஒவ்வொரு பக்கமும் ஒன்பது, ஒன்பதாவது மட்டும் நீண்ட முள்ளாகப் பக்கவாட்டில் நீட்டும். சேற்று நண்டிலும் ஒன்பதுதான், ஆனால் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு. சிலுவை நண்டுக்கு ஆறு. எண்ணும்போது கண்குழியை ஒட்டிய முதல் பல்லையும் சேர்க்க வேண்டும். அதை விட்டுவிட்டு எட்டு என்று எழுதுவதுதான் மிகச் சாதாரணமான தவறு.

பெயர் விஷயத்தில் பழைய ஆய்வுக்கட்டுரைகளை அப்படியே நம்பக் கூடாது. சேற்று நண்டுப் பேரினமான சைலாவை 1998இல் நான்கு இனங்களாக வரையறுத்தார்கள். அதற்கு முன்பு வந்த கட்டுரையில் ‘சைலா செராட்டா’ என்று இருந்தால் அது நாலில் எதுவாகவும் இருக்கலாம். நெற்றிப் பற்களின் கூர்மையையும், கொடுக்குக்கு முந்தைய கணுவின் வெளிப்புற முட்களையும் பார்க்காமல் பெயர் எழுத முடியாது, அதனால் அந்த இரண்டு இடத்தையும் தனியே பெரிதாக்கி ஒரு சிறுபடம் கட்டாயம். நீலக்காலுக்கும் இதே கதை: 2010இல் போர்டுனஸ் பெலாஜிகஸ் நாலாகப் பிரிக்கப்பட்டது, வங்கக் கடல் பக்கத்தது போர்டுனஸ் ரெடிகுலேடஸ் என்றானது. சந்தைத் தமிழ்ப் பெயர்களோ இந்தக் கலவரம் எதிலும் சிக்காமல் நிம்மதியாக இருக்கின்றன. அவற்றைக் கேட்ட இடம், தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். காசிமேட்டில் சொல்லும் பெயர் பழவேற்காட்டில் வேறாக இருக்கலாம்.

ஏலம் நடக்கும்போது நோட்டை நீட்டிக்கொண்டு நடுவில் நிற்காதீர்கள். ஏலம் அடங்கி, சில்லறை விற்கும் அக்காக்கள் கூடையை விரித்த பிறகு போனால் பேச நேரம் கிடைக்கும், ஆண் பெண் பிரித்தும் தருவார்கள். வயிற்று மடல் குறுகலாக இருந்தால் ஆண், அகன்று வட்டமாக இருந்தால் பெண். இனத்துக்கு ஆண் ஒன்று, பெண் ஒன்று, பத்துக் காலும் முழுசாக இருப்பவையாக வாங்கவும். மடலுக்கு வெளியே முட்டை தொங்கும் சினை நண்டு வேண்டாம்.

உயிர் நண்டைச் சட்டென்று உறைபெட்டிக்குள் போட்டால் காலைக் கழற்றிவிடும். முதலில் ஐஸ் நிறைந்த பெட்டியில் வைத்து அசைவு முழுக்க நின்றபின் உறையவையுங்கள். உறையவைக்கும் முன்பே தெர்மோகோல் பலகையில் இரு பக்கமும் குண்டூசி நட்டு (உடம்பில் குத்தாமல்) கால்களை விரித்து நிறுத்திவிட வேண்டும், விறைத்த பின் வளைத்தால் கணு உடையும். கொடுக்குகளை முன்பக்கமாக மடக்கி வையுங்கள். நீலக்கால் ஆணின் கொடுக்கை நீட்டினால் ஏ3 தாளே போதாது.

நிறம்தான் முதலில் போகிறது. செத்தபின் ஓட்டின் நீலமும் பச்சையும் மங்கும், சாராயத்திலோ ஃபார்மலினிலோ போட்டால் இன்னும் வேகமாக. வேகவைத்தால் சிவப்பதும் ஒரே காரணம்தான்: அஸ்டாசாந்தின் என்ற செந்நிறமி புரதத்தோடு பிணைந்திருக்கும்வரை நீலம் காட்டும், புரதம் குலைந்தால் சொந்த நிறத்துக்குத் திரும்பிவிடும். ஆகவே வாங்கிய அன்றே, நிழலான பகல் வெளிச்சத்தில், நண்டின் பக்கத்திலேயே தாளை வைத்து நீர்வண்ணத்தில் மாதிரிக் கட்டங்கள் போட்டு, எந்தப் பாகம் என்று எழுதிவிடுங்கள். சந்தை விளக்கில் எடுத்த போன் படத்தை நிறத்துக்கு நம்பக் கூடாது.

வடிவத்துக்கும் போன் படம் முழுக்க உதவாது. கிட்டே வைத்து எடுத்தால் ஓட்டின் நடுப்பகுதி ஊதித் தெரியும். அரை மீட்டராவது மேலே இருந்து, 2 மடங்கு ஜூமில் எடுங்கள். அளவுகோலை மேசையில் படுக்கவைக்காமல், ஓட்டின் விளிம்பு உயரத்துக்குத் தூக்கி வையுங்கள். பிறகும் வெர்னியர் காலிப்பரில் இரு பக்கத்துக் கடைசிப் பல்லின் நுனிக்கு நுனி அகலம், நெற்றியிலிருந்து பின்விளிம்புவரை நீளம் இரண்டையும் அளந்து படத்தோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒத்துவராவிட்டால் படத்தைத் தள்ளிவிட்டு அளவை நம்புங்கள்.

ஓட்டின் ஒரு பாதியை டிரேசிங் தாளில் வரைந்து மடித்து மறுபாதி எடுப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். கொடுக்குகளுக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. ஒன்று நசுக்கப் பருத்து, மற்றது வெட்ட மெலிந்து இருக்கும், இரண்டையும் தனித்தனியே வரைய வேண்டும்.

தாள் 250 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) குறையாத வழவழப்பான வகை. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் நாலு கடை ஏறி மையைச் சொட்டுப் போட்டுப் பார்த்து வாங்கலாம். நம் ஊர் ஈரக்காற்றில் திறந்து கிடந்த தாளில் மை கசியும், பாலித்தீன் உறையில் வையுங்கள், கைக்கு அடியில் ஒரு பட்டர் பேப்பர். வெளிச்சம் எப்போதும் இடது மேல் மூலையிலிருந்து வருவதாகக் கொள்வது அறிவியல் படங்களில் மரபு. புள்ளியால் நிழல் போடும்போது பேனா அளவை அச்சு அளவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். இரண்டு மடங்கு பெரிதாக வரைந்து பாதியாகச் சுருக்கினால் 0.1 மிமீ புள்ளி 0.05 ஆகி அச்சில் காணாமல் போகும், நெருங்கிய புள்ளிகள் ஒட்டிக் கறுத்துவிடும். அப்போது 0.2க்குக் கீழே போக வேண்டாம்.

‘2 மடங்கு’ என்று எழுதி வைக்காமல் 2 செமீ அளவுக்கோடு ஒன்றைப் படத்திலேயே வரைந்துவிடுங்கள். யார் எப்படிச் சுருக்கினாலும் அது கூடவே சுருங்கும். சரிபார்க்க முடியாத பாகத்தைப் புள்ளிக்கோட்டில் விடுவதே நேர்மை. பார்க்காத மயிர்க்கற்றையை அழகுக்காகச் சேர்ப்பவர்களைத் தேர்வாளர் ஒரே கேள்வியில் பிடித்துவிடுவார். அந்தக் கேள்விக்காகத்தான் தாளின் பின்புறம் ஒரு சிறு அட்டவணை ஒட்டுகிறோம்: பாகம், எந்த நண்டில் பார்த்தது, எந்தக் கட்டுரை அதைச் சொல்கிறது, இரண்டும் முரண்பட்டால் எதை வரைந்தோம், ஏன்.