ஊசி, நூல், கொஞ்சம் வெடிமருந்து

"வார இறுதியில் துப்பாக்கிச் சண்டை போடுகிறீர்களாமே?" என்று ஆபீசில் கேட்பார்கள். சண்டை கொஞ்ச நேரம்தான், தையல்தான் குளிர்காலம் முழுக்க என்பேன்.

பாஸ்டனுக்கு மேற்கே ஒரு சின்ன ரீஎனாக்ட்மென்ட் குழுவில், அதாவது பழைய வரலாற்றை வேடம் போட்டு நடித்துக் காட்டும் குழுவில், இருக்கிறேன். 1775இல் மாசசூசெட்ஸ் ஊர்களில் இருந்த மிலிஷியாக்காரர்களும் (ஊர்க்காவல் படையினர்) அவர்கள் குடும்பங்களும்தான் எங்கள் வேடம். ஏப்ரல் மூன்றாம் திங்கட்கிழமை விடியற்காலையில் லெக்சிங்டன் புல்வெளியில் நடக்கும் பெரிய சண்டையை அந்த ஊர்க் குழுவே நடத்துகிறது. நாங்கள் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்ப்போம். அமெரிக்கச் சுதந்திரப் போரைத் தொடங்கிவைத்த அந்த 1775 சண்டையில், கேப்டன் ஜான் பார்க்கர் தலைமையில் ஊர்க்காரர்கள் பிரிட்டிஷ் படையை எதிர்த்து நின்றார்கள்; அவர்கள் பக்கத்தில் 8 பேர் செத்தார்கள். முதல் குண்டைச் சுட்டது யார் என்று இன்றுவரை தெரியாது. காயம்பட்டவர்களில் பிரின்ஸ் எஸ்டபுரூக் என்ற கறுப்பின அடிமையும் ஒருவர். அவரை விட்டுவிடாமல் காட்டுகிறார்கள் என்பதாலேயே அந்தக் குழுமேல் எனக்கு மதிப்பு.

எங்கள் வேலை அதற்கப்புறம் வரும் கூடார முகாம்கள். ஆண்கள் நாலரைக் கிலோ மஸ்கெட்டோடு (அந்தக் கால நீளத் துப்பாக்கி) பயிற்சி செய்வார்கள். தோட்டாக் காகிதத்தைப் பல்லால் கிழித்து மருந்தைக் கொட்டுவார்கள், ஆனால் ஈயக்குண்டு கிடையாது. மழை தூறினால் 'டிக்' என்ற சத்தம் மட்டும்தான் வரும்.

நான் உடைப் பக்கம். கண்ணில் படுகிற தையலெல்லாம் கைத்தையலாக இருக்க வேண்டும். மெஷின் தையல் தெரிந்தால் 'ஃபார்ப்', அதாவது காலத்துக்கு ஒட்டாத போலி வேடக்காரர், என்று முத்திரை குத்திவிடுவார்கள். லினன் உள்ளாடை, மேலே ஸ்டேஸ் என்ற விறைப்பான இறுக்குக் கச்சை, அதற்கு மேல் கவுன். கவுனின் முன்பக்கத்தில் பட்டனோ கொக்கியோ இல்லை. இரண்டு பக்கத்தையும் இழுத்துச் சேர்த்து வெறும் குண்டூசியால் குத்திக்கொள்ள வேண்டும். ஊசிமுனை துணிக்குள் புகுந்து, வெளியே வந்து, மறுபடி உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். புதிதாக வருகிறவர்கள் அலறுவார்கள். புடவைக் கொசுவத்துக்குப் பின் குத்திப் பழகிய கைக்கு அது ஒன்றும் பெரிய வித்தையில்லை.

என் கவுன் பூப்போட்ட சீட்டித் துணி. பருத்தி என்பதால் அடுப்புப் பக்கம் போகக் கூடாது, பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். சமையல் முறை வந்தால் கம்பளிக்கு மாறிவிடுவேன்.

"1775இல் இங்கே இந்தியப் பெண் ஏது?" என்று பார்வையாளர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். துணியைக் காட்டுவேன். சோழமண்டலக் கரையில் சாயவேர்ச் சிவப்பில் எழுதிய சீட்டியை இங்கிலாந்துக்காரர்கள் உடுத்த அந்த நூற்றாண்டில் பல வருஷம் தடை. உள்ளூர் நெசவாளர்களின் போராட்டம் அப்படி. ஆனால் லண்டன் வழியாக அமெரிக்கக் காலனிகளுக்கு அனுப்பத் தடையில்லை. லண்டன் சீமாட்டிக்கு மறுக்கப்பட்டது பாஸ்டன் வியாபாரி மனைவிக்குக் கிடைத்தது!

ஆளே வந்ததற்கும் சாட்சி உண்டு. சேலம் என்ற துறைமுக ஊரில் (நம்ம சேலம் இல்லை) மதராஸ்காரர் ஒருவரைப் பார்த்ததாகப் பாதிரியார் வில்லியம் பென்ட்லி 1790 டிசம்பரில் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். பதினைந்து வருஷம் பிந்திவிட்டதே என்று எங்கள் குழுவின் கறார் பேர்வழிகள் ஒத்துக்கொள்வதில்லை. சரி, 1790க்கே ஒரு முகாம் போடுவோம் என்றேன். யோசனை எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் ஆண்கள் அத்தனை பேருக்கும் புதுக் கோட்டு தைக்க வேண்டுமே, அதுதான் இழுத்துக்கொண்டிருக்கிறது.